பொம்மைகளுக்கு வீடு தந்தவர்

தில்லியில் ஐ.டி.ஓ. நாற்சந்தியிலிருந்து தில்லி கேட்டை நோக்கிச் செல்லும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க், செய்தித்தாள் அலுவலகங்களுக்குப் பெயர் பெற்ற சாலை. தேர்தல், போர், வெள்ளம், விலைவாசி எனப் பெரியவர்களின் உலகத்தை நாள்தோறும் அச்சிட்டுத் தந்த கட்டடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றின் நடுவே நிற்கும் நேரு இல்லம் என்னும் கட்டடம் குழந்தைகளுக்காக எழுப்பப்பட்டது. அதில் குழந்தைகளுக்கான பதிப்பகம் ஒன்றும் நூலகம் ஒன்றும் உள்ளன. சுருள் படிக்கட்டில் ஏறி முதல் தளத்துக்குச் சென்றால், ஏறத்தாழ 85 நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொம்மைகள் கண்ணாடிப் பேழைகளுக்குள் நிற்பதைக் காணலாம்.

இவற்றையெல்லாம் உருவாக்கியவர் ஆசிரியரும் அல்லர், அமைச்சரும் அல்லர். நாட்டின் தலைவர்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து, அவர்களையே சிரிக்கவும் சில வேளைகளில் சினக்கவும் வைத்த ஓவியர் அவர். பெயர் கே. சங்கர் பிள்ளை. தில்லி மக்கள் அவரைச் சங்கர் என்றே அறிவார்கள்.

சங்கர் 1902ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள், அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த காயங்குளத்தில் பிறந்தார். காயங்குளத்திலும் மாவேலிக்கரையிலும் பள்ளிக் கல்வி பயின்றார். பள்ளி நாள்களில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உறங்கிவிட்டார். சிறுவன் சங்கர் அந்த உறக்கக் கோலத்தை அப்படியே வரைந்துவிட்டான். படம் தலைமையாசிரியரின் கண்ணில் பட்டது. அவர் கடுங்கோபம் கொண்டார்.

பாடவேளையில் படம் வரைந்து அகப்பட்டுக்கொண்ட மாணவர் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் அன்றோடு வரைவதை நிறுத்திவிடுவர். சங்கர் நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் அவருடைய மாமா. அந்தப் படத்தில் குறும்பைக் காட்டிலும் திறமை மிகுதியாக இருப்பதை அவர் கண்டார், மருமகனை ஊக்கப்படுத்தினார். ஒரே படத்தைப் பார்த்த இரண்டு பெரியவர்களுள் ஒருவர் சினந்தார். மற்றவர் உற்றுப் பார்த்தார். இந்த வேறுபாட்டைச் சங்கர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்றே அவருடைய பிற்காலப் பணிகளைக் காணும்போது தோன்றுகிறது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் மாவேலிக்கரையில் இரவிவர்மா பெயரால் அமைந்த ஓவியப் பள்ளியில் பயின்றார். 1927இல் திருவனந்தபுரத்தில் அறிவியல் பட்டம் பெற்றுச் சட்டம் பயிலப் பம்பாய்க்குச் சென்றார். சட்டப் படிப்பு பாதியில் நின்றது. படம் வரைவது நிற்கவில்லை. அலுவலகப் பணிக்கு இடையே அவர் வரைந்து அனுப்பிய கேலிச்சித்திரங்கள் பம்பாய்ச் செய்தித்தாள்களில் வெளிவரத் தொடங்கின. இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியராயிருந்த போத்தன் ஜோசப் அவற்றைக் கண்டு, 1932இல் அவரைத் தில்லிக்கு அழைத்துக்கொண்டார். தென்கோடியின் காயல் கரையில் பிறந்த இளைஞர், மொழியும் உணவும் தட்பவெப்பமும் வேறான நகரத்துக்கு வேலைக்காக வந்து சேர்ந்தார். அன்று முதல் இறுதிவரை தில்லியே அவருடைய ஊராயிற்று.

1948இல் அவர் தமக்கெனச் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழைத் தொடங்கினார். அதனைத் தொடங்கி வைத்தவர் தலைமையமைச்சர் சவகர்லால் நேரு. கேலி செய்யும்போது தம்மை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நேரு சங்கரிடம் கேட்டுக்கொண்டதாகக் கூறுவர். சங்கரும் விட்டுவிடவில்லை. அபு ஆபிரகாம், ஓ.வி. விஜயன், குட்டி முதலிய புகழ்பெற்ற கருத்துப்பட ஓவியர்கள் அவ்விதழின் நிழலில் வளர்ந்தவர்கள்.

அரசியல் இதழ் நடத்திய ஒருவர் குழந்தைகளின் கைவண்ணத்தின்பால் திரும்பியது 1949இல். தம் இதழின் வழியாகக் குழந்தைகளுக்கென ஓவியப் போட்டி ஒன்றை அவர் அவ்வாண்டு அறிவித்தார். முதலாண்டில் இந்தியக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதாயிருந்த அப்போட்டி, 1950 முதல் உலக நாடுகளின் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. சிறந்த ஓவியங்கள் ஆண்டுதோறும் தனி மலராக அச்சிடப்பட்டன. சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகளே ஆன நாட்டின் தலைநகருக்கு, கடல் கடந்த ஊர்களிலிருந்து சின்னஞ்சிறு கைகள் தீட்டிய படங்கள் அஞ்சலில் வந்து குவியத் தொடங்கின.

இதன் பெருமையை உணர, அந்நாளைய பள்ளிகளின் ஓவிய வகுப்பு எவ்வாறிருந்தது என்பதை அறிய வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குடத்தையோ மாவிலையையோ வரைவார்; மாணவர் அதனைப் பார்த்து வரைவர். கோடு பிசகாமல் வரைந்தவரே நன்றாக வரைந்தவர். குழந்தை தானாக நினைத்து வரைந்ததற்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பள்ளியில் சேரும் அகவையை எட்டாத சிறு குழந்தையின் கிறுக்கலையோ யாரும் படமாகவே கருதியதில்லை. சுவரைக் கெடுத்துவிட்டதாக அடிதான் கிடைக்கும்.

உலகின் சில இடங்களில் இந்நிலை அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. செருமனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெல், காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் ஆகியவற்றையே பாடங்களாக வைத்தார். வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் என்னும் ஓவியர், குழந்தைகள் தம் விருப்பம்போல் வரையும் வகுப்பு ஒன்றைத் திறந்தார். நம் நாட்டில் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த கல்வித் திட்டம் கைத்தொழிலை நடுவாகக் கொண்டிருந்தது. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிஞ்சுக் குழந்தைகள் கைகளால் தொட்டும் அடுக்கியும் கோத்தும் கற்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். சங்கர் இவர்களைப் போலக் கல்விக் கொள்கை எதனையும் வகுக்கவில்லை. குழந்தைகளின் படங்களை வாங்கிப் பார்த்தார், அச்சிட்டார், பெரியவர்கள் வந்து காணுமாறு சுவரில் மாட்டினார். அவ்வளவே. ஆனால் ஒரு குழந்தையின் படம் சுவரில் மாட்டப்படுவது சிறிய செய்தியன்று.

வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் வரைவதை உற்றுநோக்கலாம். ஏறத்தாழ இரண்டு அகவையில் குழந்தை வெறுமனே கிறுக்கும். கை அசைந்த வழியே கோடு விழுவதே அதற்கு வியப்பு. மூன்று அகவை அளவில் கோடு வளைந்து தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும், வட்டம் பிறக்கும். நான்கை நெருங்கும்போது அந்த வட்டத்துக்குள் இரு புள்ளிகள் கண்களாகும்; வட்டத்தின் அடியிலிருந்தே இரு கோடுகள் கால்களாக இறங்கும். உடல் இராது. தில்லிக் குழந்தையும் திருநெல்வேலிக் குழந்தையும் வியன்னாக் குழந்தையும் பெரும்பாலும் இவ்வாறே தம் முதல் மனிதரை வரைகின்றனர். இன்னும் சற்று வளர்ந்தபின், வீட்டைக் காட்டிலும் அம்மா உயரமாக இருப்பார். சுவரின் ஊடே உள்ளிருக்கும் கட்டிலும் பூனையும் தெரியும். குழந்தைக்கு எது முதன்மையோ அது படத்தில் பெரிதாகும். குழந்தைக்கு எது தெரியுமோ அது மறைவின்றி வெளிப்படும்.

இத்தகைய படத்தைக் கண்டதும் திருத்த வேண்டும் என்று பெரியவர்களின் கை துடிக்கும். அப்பா பென்சிலை வாங்கி மனிதனுக்கு உடலைச் சேர்ப்பார். அக்கா யானையின் தும்பிக்கையைச் சரிசெய்வாள். படம் அழகாகிவிடும், ஆனால் அது குழந்தையின் படமாக இராது. அஞ்சல் வழிப் போட்டியில் இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. சங்கர் தில்லியில் தனியே நடத்திய நேர்முக ஓவியப் போட்டியில் அதற்கு இடமில்லை. குழந்தைகள் திடலில் கூடி அமர்ந்து, அங்கேயே, அப்போதே வரைந்து தந்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் புல்வெளியில் குனிந்து வண்ணம் தீட்டும் காட்சி தில்லிக்குப் பழக்கமான காட்சிகளுள் ஒன்றாயிற்று.

போட்டி என்பதில் ஒரு குறை இல்லாமலில்லை. பரிசு பெறுவோர் சிலர். வெறுங்கையோடு திரும்புவோர் பலர். நான்கு அகவைக் குழந்தைக்கு வண்ணத்தில் கை நனைவதே இன்பம். பதக்கம் பெற்றோருக்குத்தான் தேவைப்படுகிறது. ஆயினும், படம் வரைவதை வீண்வேலை என்று எண்ணியிருந்த பெற்றோரை, கையில் வண்ணப்பெட்டியும் தண்ணீர்க் குவளையுமாகத் திடலுக்கு வரவழைத்தது அப்போட்டிதான்.

பொம்மைகள் சங்கரின் வாழ்வில் நுழைந்ததும் இந்தப் போட்டியின் வழியாகவே. 1950களின் தொடக்கத்தில் அங்கேரி நாட்டுத் தூதர், போட்டியில் பரிசாக வழங்குமாறு ஒரு பொம்மையை நேருவிடம் அளித்தார். அது அந்நாட்டு மரபுடை அணிந்த பொம்மை. சங்கர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தார், மனத்தைப் பறிகொடுத்தார். ஒரு சாண் உயரப் பொம்மை ஒரு நாட்டு மக்களின் முகத்தையும் உடையையும் தொழிலையும் குழந்தைக்குக் காட்டிவிடுகிறதே என்று வியந்தார் போலும். தலைமையமைச்சரின் வெளிநாட்டுப் பயணங்களில் செய்தியாளராக உடன் சென்ற வாய்ப்பு அவருக்கு இருந்தது. சென்ற நாடுகளிலெல்லாம் பொம்மைகளை வாங்கத் தொடங்கினார். விரைவில் அவரிடம் 500 பொம்மைகள் சேர்ந்தன.

சேர்த்தவற்றை அலமாரியில் பூட்டி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. குழந்தைகளின் ஓவியங்களோடு பொம்மைகளையும் பெட்டிகளில் கட்டி, ஊர் ஊராகக் கொண்டுசென்று கண்காட்சி நடத்தினார். குழந்தைகள் மகிழ்ந்தனர், பொம்மைகள்தாம் துன்புற்றன. கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் கை ஒடிந்தது, மூக்கு உடைந்தது, உடை கிழிந்தது. தில்லியில் நடந்த கண்காட்சிக்கு நேருவும் அவர் மகள் இந்திராவும் வந்தபோது சங்கர் இந்த இன்னலைக் கூறினார். பொம்மைகளுக்கென நிலையான இடம் ஒன்று அமைக்கலாமே என்று இந்திரா கருத்துரைத்தார். அந்தக் கருத்தே பின்னர் நேரு இல்லத்தில் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் சங்கரின் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். அப்போது அங்கிருந்தவை ஏறத்தாழ 1,000 பொம்மைகள்; பின்னாளில் அவை 6,000ஐத் தாண்டின.

தமிழர் வீடுகளுக்குப் பொம்மைகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது புதிதன்று. நவராத்திரி வந்துவிட்டால் தில்லிக் கரோல் பாக் வீட்டிலும் கொலுப்படிகள் எழும். பண்ணுருட்டியிலிருந்தும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்தும் வந்த பொம்மைகள் படியேறும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, தட்டினாலும் சாயாமல் எழுந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மரப்பாச்சி. செம்மரத்தில் கடைந்த அந்த ஆணும் பெண்ணும் கடையிலிருந்து வெறும் மரமாகவே வருவர். அவர்களுக்கு உடை உடுத்துவது வீட்டுக் குழந்தைகளின் வேலை. தைத்து மீந்த பட்டுத் துண்டு சேலையாகும். சரிகைக் கரை அங்கவஸ்திரமாகும். மணி கோத்தால் மாலையாகும். எத்தனையோ தலைமுறைச் சிறுவர் சிறுமியரின் விரல்கள் மடிக்கவும் முடியவும் கோக்கவும் பழகிய இடம் மரப்பாச்சியே.

சங்கரும் பொம்மைக்கு உடை உடுத்தும் இந்த வேலையைப் பெரிய அளவில் மேற்கொண்டார். அருங்காட்சியகத்தோடு இணைந்து பொம்மை செய்யும் பட்டறை ஒன்றை நிறுவினார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் முக அமைப்பு, உடை, அணிகலன் ஆகியவற்றை ஆராய்ந்து, அவற்றுக்கேற்பப் பொம்மைகள் அங்கே செய்யப்பட்டன. இது எண்ணுவது போல் எளிய வேலையன்று. ஓரடி உயரப் பொம்மைக்கு உண்மைச் சேலையிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சுற்றிவிட முடியாது. சேலைக் கரை பொம்மையின் இடுப்பளவு அகலம் இருக்கும். ஆகவே கரை சிறுக வேண்டும், கட்டம் சிறுக வேண்டும், மூக்குத்தி கடுகளவு ஆக வேண்டும். மடிப்பு மட்டும் மாறக்கூடாது. குசராத்திப் பெண்ணின் முந்தானை வலத் தோளின் வழியே முன்னே விழ வேண்டும். மராட்டியப் பெண்ணின் சேலை கச்சம் வைத்ததாயிருக்க வேண்டும். தவறினால், அந்த ஊர்க் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

இப்பட்டறையின் பொம்மைகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. அங்கிருந்து வந்த பொம்மைகளுக்கு ஈடாக அனுப்பப்பட்டன. சப்பானியக் கபுகி நடிகர்களும் தாய்லாந்தின் பெண் இசைக்குழுவினரும் எசுபானிய நடனப் பெண்களும் தில்லிக்கு வந்து நிற்க, இந்திய மணப்பெண்களும் கதகளிக் கலைஞர்களும் அங்கே சென்றனர். 1980இல் போலந்து நாட்டின் கிராக்கோவில் நடந்த பொம்மைக் கண்காட்சியில் இப்பட்டறைக்குத் தங்க மயிலிறகு என்னும் முதற்பரிசு கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் ஒன்று மட்டும் சிறு குழந்தைகளுக்குச் சற்று ஏமாற்றம் தரும். பொம்மைகளைத் தொட முடியாது. 160க்கும் மேற்பட்ட பேழைகளும் கண்ணாடியால் மூடப்பட்டவை. உடைந்த பொம்மைகளைக் கண்டு வருந்தியவர் கட்டிய இடமாதலால் அது அவ்வாறுதான் இருக்கும். மண்ணைப் பிசையவும் காகிதத்தைக் கத்தரிக்கவும் விரும்பும் குழந்தைகளுக்கு அருகிலேயே வேறோர் இடம் உண்டு. கோட்லா சாலையில் உள்ள, 1956இல் தொடங்கப்பட்ட தேசிய பால பவன் என்னும் சிறுவர் மாளிகையில் களிமண் வேலை, நெசவு, ஓவியம் ஆகியவற்றைக் கையால் செய்தே கற்கலாம். ஓரிடத்தில் கண்டு, மற்றோரிடத்தில் செய்து பார்க்கும் வாய்ப்பு தில்லிக் குழந்தைகளுக்கு அமைந்தது.

இதற்கிடையே, 1957இல் சங்கர் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் என்னும் பதிப்பகத்தை நிறுவியிருந்தார். வண்ணப் படங்கள் நிறைந்த குழந்தை நூல்கள் அக்காலத்தில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன, விலையும் மிகுதி. நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டு ஓவியர்களின் படங்களோடு குறைந்த விலையில் தருவதே பதிப்பகத்தின் நோக்கம். அந்நூல்கள் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் வெளிவந்தன. சங்கரே கதைகள் எழுதிப் படமும் வரைந்தார். காயங்குளத்தில் தாத்தாவோடு கழித்த இளமை நாள்களை நினைவுகூர்ந்து அவர் எழுதிய நூல் இன்றும் குழந்தைகளால் படிக்கப்படுகிறது. 1968இல் சில்ட்ரன்ஸ் வேர்ல்டு என்னும் மாத இதழையும் தொடங்கினார்.

1975இல் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்தது. தலைவர்களைக் கேலி செய்வதே உயிர்மூச்சாகக் கொண்ட சங்கர்ஸ் வீக்லி அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் தன் இறுதி இதழை வெளியிட்டது. சர்வாதிகாரத்தால் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்னும் கருத்தைத் தம் விடைபெறும் தலையங்கத்தில் சங்கர் எழுதினார். இருபத்தேழு ஆண்டுகள் வளர்த்த இதழைத் தம் கையாலேயே மூடுவது எளிதன்று. பொம்மைகளுக்கு வீடு அமைக்கலாம் என்று முன்பு கருத்துரைத்த இந்திராவே அப்போது தலைமையமைச்சர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அப்போது சங்கருக்கு அகவை எழுபத்து மூன்று. அதன்பின் அவருடைய நாள்கள் குழந்தைகளுக்கான பணியிலேயே கழிந்தன.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை அளித்தது. ஆனால் அவர் பெற்ற விருதுகளுள் விந்தையானது 1977இல் போலந்திலிருந்து வந்தது. புன்னகை விருது என்பது அதன் பெயர். குழந்தைகளை மகிழ்வித்த பெரியவர்களுக்குக் குழந்தைகளே பரிந்துரைத்து வழங்கும் விருது அது. அதனைப் பெறுவோருக்கு ஒரு விதி உண்டு: ஒரு குவளை எலுமிச்சைச் சாற்றை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் புன்னகை செய்ய வேண்டும்.

1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சங்கர் மறைந்தார். நேரு இல்லத்தின் சுருள் படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஏறிச் செல்கிறார்கள். வரிசையின் கடைசியில் வரும் மிகச் சிறியவர்கள் கண்ணாடியில் மூக்கு பதிய நின்று, அந்தப் பக்கம் நிற்கும் தங்கள் உயரமேயான உலகத்தைப் பார்க்கிறார்கள்.